பின்னால் நடந்து ஊர் காட்டியவன்

என் கொழுந்தனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் இரண்டு கிடைக்கலாம். அதையும் கடைசியில்தான் சொல்வேன்.

தெற்குக் கோடியில், நிலம் முடிந்து கடல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டே கேள்விதான். என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த ஆள் என் கொழுந்தன். ஊரில் அவனுக்குப் பேர் குடைக்காரன். மழையானாலும் வெயிலானாலும் விரிக்காத ஒரு கறுப்புக் குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போவான். கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டே வரும்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் ஸ்டேஷனில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். பெட்டி தூக்குகிறவன் வாயை மூடிக்கொண்டு தூக்க வேண்டியதுதானே? இவன் பேசிக்கொண்டே தூக்குவான். "அதோ மணிக்கூண்டு தெரியுதா சார், லேசா சாஞ்சிருக்கு பாருங்க, ஏன்னு தெரியுமா?" ஏன் என்று அவனுக்கும் தெரியாது. லாட்ஜ் வாசல் வருவதற்குள் ஒரு காரணம் தயாராகிவிடும். ஒரு நாள் ஒரு குடும்பம் அவனை மறுநாளும் வரச் சொன்னது. பெட்டி இல்லை, பேசுவதற்கு மட்டும் வா என்றார்கள். அதோடு தலையிலிருந்த சும்மாடு இறங்கியது, கையில் குடை ஏறியது. பிறகு சுற்றுலா பஸ் கம்பெனிக்காரர்கள் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

முதலில் அவனும் மற்றவர்களைப் போல முன்னே பார்த்துத்தான் நடந்தான். ஒரு தடவை சந்தைக்குள் பேசிக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால் பாதிக் கூட்டத்தைக் காணோம். ஒரு வயசான தம்பதியைச் சாயங்காலம் வரைக்கும் தேடினார்கள். மறுநாளிலிருந்து முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டினான், முதுகை ஊருக்குக் காட்டினான். அன்று தொடங்கியதுதான், பின்பக்கமாகவே நடப்பான். எங்கே படி, எங்கே சாக்கடை மூடி, எங்கே தெரு வளைகிறது என்பதெல்லாம் அவன் குதிகாலுக்கு அத்துப்படி. வாய் பாட்டுக்குப் பேசும், கால் பாட்டுக்குப் போகும். வேடிக்கை பார்க்கிறவர்கள் மணிக்கூண்டைப் பார்ப்பதா இவன் நடப்பதைப் பார்ப்பதா என்று திண்டாடுவார்கள். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

என் கடை துறைமுகத் தெருவில் இருக்கிறது. வறுத்த மீனும் சோறும்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு நானே அடுப்பைப் பிடித்தேன். கொழுந்தன் கூட்டத்தை அழைத்து வருவான். வந்தால் சும்மா வருவானா? எங்கள் ஊரில் 'கைடு தட்டு' என்று ஒன்று உண்டு. ஆள் கூட்டி வருகிறவனுக்குக் கடைக்காரர்கள் ஒரு தட்டு போட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அதைக் கூட்டம் பார்க்கக் கூடாது, அடுப்படிக்குள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். பார்த்துவிட்டால், ஓகோ, வயிற்றுக்காகத்தான் நம்மை இங்கே இழுத்து வந்தானா என்று நினைப்பார்கள் அல்லவா? அதனால்.

எனக்குத் தட்டு பெரிசில்லை. அடுப்படிக்குள் அவன் பண்ணிய அதிகாரம்தான் பெரிசு. மூடியை மூடியைத் திறந்து பார்ப்பான். நடுத்துண்டாகப் பார்த்துக் கையால் எடுப்பான். "எண்ணெய் காயலை அண்ணி, நான் சொன்னா கேக்கவா போறீங்க" என்பான். நிற்கவே இடமில்லாத அடுப்படி. என் மருமகள் பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியே போவாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், கூட்டம் உட்கார்ந்திருந்த மேஜையின் நடுவிலே வைத்தேன்.

"உக்காரு. எல்லாரோடயும் சாப்பிடு. உள்ள இடமில்ல."

ஒரு தடித்த மனுஷர் மீனைத் தின்றுகொண்டே கேட்டார்: "இவருக்கும் சேத்து நாங்கதான் குடுக்கறமா?" எல்லோரும் சிரித்தார்கள். என் கொழுந்தன் தட்டைத் தொடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தெருவில் நின்றான். நான் செய்தது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அவன் சும்மா இருப்பானா? மறுவாரம் என் கடை வாசலில் கூட்டத்தை நிறுத்தினான். உள்ளே அழைத்து வரவில்லை. குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தான்.

"எல்லாரும் அந்தப் பச்சைக் கதவைப் பாருங்க. அந்தக் காலத்துல கப்பல்ல செத்து வர்றவங்களைக் கிடத்துற பிணவறை இது. மேல ஜன்னல் இருக்கு பாருங்க, அதுவழியாத்தான் ஐஸ் இறக்குவாங்க. இப்ப சாப்பாட்டுக் கடையா ஆக்கியிருக்காங்க. பிடிச்சவங்க சாப்பிடலாம், நான் தடுக்க மாட்டேன்."

அந்தக் கட்டடம் என் மாமனார் கயிறு விற்ற கடை. பிணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பிணவறையில் மீன் தின்ன யாருக்கு மனசு வரும்? போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வருஷக்கணக்கில் இதே கதை. நான் கரண்டியோடு வாசலுக்கு வந்து கத்துவேன். "கேட்டுக்கங்க, இதுதான் பிணவறைக் காவல்காரி" என்பான். கூட்டம் அதற்கும் சிரிக்கும். ஊரைப் பார்க்க வந்தவர்களுக்கு நானும் ஒரு காட்சிப்பொருள் ஆனேன். என் கடையை நம்பி வந்தவர்கள் துறைமுகத்துக் கூலிக்காரர்கள் மட்டும்தான். அவர்களால்தான் அடுப்பு எரிந்தது.

அவன் வீட்டில் என் பேரை எடுக்கக் கூடாது. எடுத்தால் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவானாம். என் ஓரகத்தி, அதாவது அவன் பெண்டாட்டி, சந்தையில் என்னைப் பார்த்தால் கண்ணாலேயே சிரித்துவிட்டுப் போவாள்.

போன மழைக்குக் கதவின் அடிப்பாகம் உளுத்துப் போயிற்று. புதுக் கதவு போட்டுச் சிவப்பு அடித்தேன். நல்ல ரத்தச் சிவப்பு. தெருமுனையிலிருந்தே கண்ணைப் பறிக்கும். அதற்குப் பிறகு ஒரு நாள் அவன் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். "எல்லாரும் அந்தப் பச்சைக் கதவைப் பாருங்க" என்றான்.

கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவன் ஏன் என்று புரியாமல் அவளைப் பார்த்தான். பார்த்தானா? சிரிப்பு வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான், அவ்வளவுதான். எனக்குப் பொறி தட்டியது. கரண்டியை வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் படி இறங்கி அவன் மூஞ்சிக்கு நேரே, ஒரு முழம்கூட இல்லை, போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தேன்.

"அந்தம்மா இப்ப உள்ளதான் இருக்கும்" என்றான் அவன், என் மூக்குக்கு முன்னால். "கரண்டிச் சத்தம் கேக்கலைன்னா எதையோ கிண்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் முகம் வெளுத்தது. மெதுவாகக் கையை நீட்டினான். விரல் என் தோளில் பட்டது. சுட்டுக்கொண்டதுபோல இழுத்துக்கொண்டான்.

இவ்வளவு காலமும் யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம் அந்தப் பின்நடைதான். போகிற வழியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நடந்து பழகியவனுக்குப் பார்வை போனால் என்ன, போகாவிட்டால் என்ன? ஊரில் மாறிய எல்லாவற்றையும் பெண்டாட்டி சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணியிருக்கிறான். என் கதவைப் பற்றி மட்டும் அவள் வாயைத் திறக்க முடியாதே.

எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அன்று சாயங்காலமே அவன் என் அடுப்படிப் பக்கத்து வாசலில் வந்து நின்றான். கூட்டம் இல்லை, குடை தரையில் ஊன்றியிருந்தது.

"அண்ணி."

"பிணவறைக்கு உயிரோட வர மாட்டியே. என்ன விஷயம்?"

"பஸ் ஆபீஸ்லேர்ந்து மேனேஜரம்மா அடுத்த வாரம் என் கூட்டத்தோட நடந்து வர்றாங்க. யாரை வெச்சுக்கறது, யாரை நிறுத்தறதுன்னு பாக்கறாங்க. எனக்கு நிழலாட்டம்தான் தெரியுது அண்ணி. மத்த இடமெல்லாம் சமாளிச்சிடுவேன்."

"சமாளி. என்கிட்ட ஏன் வந்தே?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த வேலை போனா எனக்கு வேற என்ன தெரியும்?"

"துறைமுகப் படிக்கட்டுல யாரையாவது கூட்டிட்டுப் போயி கடல்ல தள்ளிட்டேன்னு வெச்சுக்க, அப்ப என்ன சொல்லுவே?"

"இதுவரைக்கும் தள்ளல."

"இனிமே தள்ளுவே. நீயா போயி நிறுத்திக்கறேன்னு சொல்லு. மரியாதை மிஞ்சும்."

"உங்களுக்கு என் மரியாதை மேல எப்ப இருந்து அக்கறை? அன்னிக்கு நடு மேஜையில வெச்சீங்களே, அப்பவே அது போச்சு."

"அப்ப போனதைத் தேடிட்டு இப்ப ஏன் வந்தே? போ."

போகிற போக்கில், கதவு என்ன நிறம் என்று மட்டும் கேட்டான். நான் சொல்லவில்லை. பெண்டாட்டியைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான்.

மேனேஜரம்மா வந்த அன்று காலையில் தண்ணீர்க் குழாய்க்காரர்கள் வந்து என் கடையைத் தாண்டித் தெருவை வெட்டிப் போட்டார்கள். ஆள் இடுப்பு ஆழத்துக்குப் பள்ளம். அடியில் இரும்புக் குழாய். ஒரு கயிறுகூடக் கட்டாமல் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலிலேயே நின்றேன்.

வந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, குடையைத் தூக்கிக்கொண்டு. கூட்டத்தின் ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு பெண்மணி. அவர்தான் மேனேஜரம்மா என்று உடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"எல்லாரும் அந்தச் சிவப்புக் கதவைப் பாருங்க" என்றான். சிவப்பு என்பதை அழுத்திச் சொன்னான். எனக்கு வைத்த குட்டு அது. "இப்ப மேல அந்த ஜன்னலைப் பாருங்க." எல்லோரும் அண்ணாந்தார்கள், மேனேஜரம்மாவும்தான். அவன் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தான்.

"டேய், நில்லு" என்றேன்.

"கேட்டீங்களா? பிணவறைக் காவல்காரி." இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தான்.

"பள்ளம் வெட்டியிருக்குடா, நில்லு."

"இதுக்கெல்லாம் நான் நிக்கறதில்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லி, இளித்துக்கொண்டே காலைத் தூக்கினான். வேறு யார் கத்தியிருந்தாலும் நின்றிருப்பான். என் சொல்லுக்கு நிற்பதில்லை என்று சத்தியம் பண்ணியவன் மாதிரி வருஷக்கணக்காக நடந்தவன், அன்றைக்கு மட்டும் நிற்பானா?

ஓடிப்போய்க் குடையை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அவன் குடையை விடுகிற ஆளா? அதனால் பிழைத்தான். குடையோடு வந்து என் மேலே விழுந்தான், நான் வாசலோரம் கிடந்த வெங்காய மூட்டை மேலே விழுந்தேன். கூட்டம் கை தட்டியது. இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேனேஜரம்மா கை தட்டவில்லை. பள்ளத்தின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். பிறகு வந்து, அவன் முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"இனிமே நீங்க கூட்டத்தை நடத்த வேண்டாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். "திருப்தியா அண்ணி?"

"திருப்திதான். உன் பொண்டாட்டி தாலி தப்பிச்சுது."

வேண்டுமென்றே அந்த அம்மா பார்க்க இழுத்துப் போட்டேன் என்று இன்றுவரை நினைக்கிறான். நினைத்துக்கொள்ளட்டும்.

அதன்பின் ஓரகத்தி என் கடைக்கே வந்தாள், கல்யாணம் ஆனதிலிருந்து இல்லாத துணிச்சலாக. "வீட்டுக்குள்ளயே எனக்கு ஊர் சுத்திக் காட்டறாரு அக்கா. இடது கைப் பக்கம் அலமாரி, எதிர்ல அடுப்பு, இதைக் கட்டினது யாரு தெரியுமாங்கறாரு. என்னால முடியல."

"அனுப்பு" என்றேன். "ஸ்டூல் போட்டு வாசல்ல உக்காரட்டும். உள்ள வரக் கூடாது."

மேனேஜரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். நடக்கத்தானே கூடாது, பேசலாமே என்றேன். இப்போது பஸ் முதலில் என் கடை வாசலில் நிற்கிறது. அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் முழுக்கக் காட்டிவிடுகிறான். மணிக்கூண்டுக்கு வெயில் ஏறுவதற்குள் போங்கள் என்பான். மியூசியத்தில் பெரிய கூடத்தை விட்டுவிட்டுப் பின்கட்டில் இருக்கும் பழைய நங்கூரத்தைப் பாருங்கள் என்பான். சந்தையில் கால் உடைந்த நாற்காலி போட்ட கடையில் சூப் குடியுங்கள், ஸ்டேஷன் பக்கம் எதையும் வாயில் வைக்காதீர்கள் என்பான். கேட்டுக்கொண்டு வேறொருவரோடு நடக்கப் போவார்கள். திரும்பி வந்ததும் அவன் சொன்ன மாதிரியே இருந்தது என்பார்கள். நல்லதாக நான் சொல்லக்கூடிய இரண்டு வார்த்தை இதுதான்: பேசத் தெரியும்.

"இங்க சாப்பிடலாமா?" என்று யாராவது கேட்டால், "இது பிணவறை. துணிஞ்சவங்க சாப்பிடலாம்" என்கிறான். துணிந்து நிறையப் பேர் வருகிறார்கள். அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல நான் தயாராக இல்லை.

மத்தியானம் அவன் தட்டை வெளியே, எல்லோரும் பார்க்க, நடு மேஜையில்தான் வைக்கிறேன். முதல் நாள் வெகுநேரம் தொடவில்லை. பிறகு மீனைத் தடவிப் பார்த்து நடுத்துண்டுதானா என்று தெரிந்துகொண்டு, ஒரு வாய் வைத்து, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னான்: "எண்ணெய் காயலை."

நேற்றும் புதுக் கூட்டம் வந்தது. குடையால் என் கதவைக் காட்டினான்.

"எல்லாரும் அந்தப் பச்சைக் கதவைப் பாருங்க."

"சிவப்பு" என்றேன் உள்ளேயிருந்து.

"பச்சை" என்றான்.