திருப்பி அனுப்பிய லாரி

எங்கள் ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் ஆபரேட்டர். ஊரின் நாற்றம் எனக்குப் பழகிவிட்டது. மனிதர்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் இன்னும் பழகவில்லை. கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும்.

செப்டிக் டேங்க் லாரிகள் எங்களிடம்தான் வந்து இறக்கும். இறக்கவிடும் முன் ஒரு வாளி பிடித்துப் பார்ப்பேன். வெறும் மலக்கழிவு என்றால் பிரச்சினை இல்லை. சாயமோ பிளீச்சிங்கோ கலந்திருந்தால், தொட்டியில் அழுக்கைத் தின்னும் பூச்சிகள் செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அவைதான் அங்கே வேலை செய்கின்றன. நாங்கள் காற்று ஊதிவிடுகிறோம், அவ்வளவுதான். அவை மறுபடி வளரும்வரை சுத்தமாகாத தண்ணீர்தான் ஓடைக்குப் போகும். ஓடையின் கீழ்ப்பக்கம் என் அக்கா வீட்டு மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன.

அன்று மதியம் வந்த லாரியில் பிடித்த வாளி கருநீலமாக நுரைத்தது. பிளீச்சிங் நெடியில் எனக்குக் கண்ணீர் வந்தது. ஓட்டுநர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க, சாயப்பட்டறைத் தண்ணியக் கலந்து கொண்டாந்தீங்களா?" என்றேன். எத்தனை கோபம் வந்தாலும் எங்கள் வாய்க்கு அந்த 'ங்க' போகாது.

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? ஓனர் ஏத்தச் சொன்னாவ, ஏத்துனேன். இத இனி எங்க கொண்டு போவேன்?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாத ஆத்திரத்தில் அவரைக் கன்னத்தில் அறைந்து, லாரியைத் திருப்பச் சொன்னேன்.

லாரி ஓடைப் பாதையில் திரும்பியதும் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "மச்சான், சாயத்தண்ணி லாரி உங்க பக்கம் வருதுங்க. ஓடையில ஊத்திருவான். விட்றாதீங்க."

"வரட்டும் மாப்ள, பாத்துக்கறோம்" என்றார்.

மெயின் ரோட்டுக்குப் போக அந்த ஒரு பாதைதான் உண்டு. போன் செய்யும்போதே எனக்கு அது தெரியும்.

மனசு கேட்காமல் பைக்கில் பின்னாலேயே போனேன். ஓடைப் பாலத்தில் பத்துப் பேர் லாரியை மறித்திருந்தார்கள். ஓட்டுநர் தரையில் கிடந்தார். மச்சான் மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்டிருந்தார். வலது முன்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"தொறக்கலய்யா, நான் தொறக்கவே இல்ல" என்று ஓட்டுநர் ரத்தமும் பல்லுமாகத் துப்பினார். உண்மைதான். பின்பக்க வால்வு மூடியே இருந்தது.

அடங்காத ஒருவர் கடப்பாரையால் அந்த வால்வில் ஓங்கிப் போட்டார். இரண்டாவது அடியில் அது கழுத்தோடு உடைந்தது. கருநீலத் தண்ணீர் பீய்ச்சி, கரையில் வழிந்து ஓடைக்குள் இறங்கியது. ஓடையைக் காக்க வந்தவர்கள் காலில் படாமல் விலகி ஓடினார்கள்.

ஓட்டுநர் மட்டும் எழுந்தார். முறிந்த கை தொங்க, லாரிப் பக்கவாட்டில் கட்டியிருந்த பனியன் வேஸ்ட் துணி மூட்டையை இழுத்து, இடது கையால் அந்த ஓட்டையில் திணித்தார். பிளீச்சிங் தண்ணீர் காயங்களில் பட்டதும் அலறினார்; கையை மட்டும் எடுக்கவில்லை. நான் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். இரண்டு பேர் பிடித்தும் அடைக்க முடியவில்லை. டேங்க் காலியாகும்வரை ஓடிற்று. அன்று அக்கா தண்ணீர் காட்ட மாடுகளை அவிழ்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சவரே எனக்காவ வந்து நின்னிய. அத நான் மறக்க மாட்டேன். ஆனா நான் வாரது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது அண்ணாச்சி?"

"நாந்தானுங்க போன் பண்ணினேன்" என்றேன்.

கையை விட்டார். பிறகு இடது கையைத் தூக்கி என்னை அறைந்தார். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்திருந்த கை அது. என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வலித்திருக்கும்.