அண்ணன் குடித்த இளநீர்

மஞ்சள் வேட்டியோடு, ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் சீவிய இளநீருமாக அண்ணன் எங்கள் கொல்லைப்புறத்தில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. நினைத்தால் அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வருகிறதே, என்ன செய்ய?

அண்ணனுக்கு ஸ்ரீரங்கத்தில் பூ வியாபாரம். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாதம் கால் வீங்கி, மூச்சு வாங்கி, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். அண்ணி கடையைப் பார்த்துக்கொள்ள, நான்தான் துணைக்கு இருந்தேன். வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு நர்ஸம்மா இரண்டு மாத்திரை அட்டைகளைத் தனியாக எடுத்துக் காட்டினார். "ஒண்ணு பிரஷருக்கு, ஒண்ணு நீர் பிரிய. ரெண்டுமே பொட்டாசியம்ங்கிற உப்பை உடம்புலயே தேக்கி வைக்கும்ங்க. அது கூடிப்போனா துடிப்பு கொறஞ்சு, நின்னுகூடப் போயிடும். இளநீர்ல அது ரொம்ப இருக்கு. தொடவே விடாதீங்க." நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மறந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்று தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் விரல்களை அண்ணனின் மணிக்கட்டில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க நாடி எண்ணக் கற்றுக்கொடுத்தார். "அம்பதுக்குக் கீழ போனா யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க."

மாசி கடைசி ஞாயிறு சமயபுரத்தில் மாரியாத்தாவுக்குப் பச்சைப் பட்டினி தொடங்கியது. உலகத்துப் பிள்ளைகளுக்காக அவள் இருபத்தெட்டு நாள் சமைத்த சோறு இல்லாமல் இருப்பாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். வருஷா வருஷம் அண்ணனும் கூடவே இருப்பார். இந்தத் தடவை வேண்டாம் என்று கெஞ்சினேன். "அவ நமக்காகத்தானே பட்டினி கெடக்கா, நீயும் எதுக்குண்ணே?" என்றேன். "வாடி டாக்டரம்மா! இளநீர் குடிச்சு எவன்டி செத்தான்?" என்றார். "உங்க தங்கச்சி பஸ் லேட்டானாலே ஆக்சிடென்ட்டுன்னு அழுவுறவதானே" என்று அண்ணி சிரித்தார். அது பொய்யில்லை. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். எல்லாவற்றுக்கும் பயந்தவளின் பேச்சு, பயப்பட வேண்டிய அந்த ஒரு விஷயத்திலும் எடுபடவில்லை. மாத்திரையை மட்டும் அண்ணன் ஒரு வேளைகூட விடவில்லை. இளநீரிலேயே விழுங்கினார். மருந்தும் தவறவில்லை, விரதமும் தவறவில்லை என்று பெருமை வேறு. நர்ஸம்மாவிடம் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை பஸ் ஏறினேன். பைத்தியம் என்பார்களோ என்று இரண்டு தடவையும் திருவானைக்காவலிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அந்தக் கோபம் என்மேல்.

விரதத்தின் பன்னிரண்டாம் நாள் காலை பூக்கூடையைத் தூக்கப் போனவர், "காலு தொவளுதுடி" என்று அப்படியே உட்கார்ந்தார். நாடி பிடித்தேன். நாற்பத்திரண்டு. "எண்ணத் தெரியாம எண்ணிட்டு ஊரக் கூட்டாத. சரியா எண்ணு" என்றார் அண்ணி. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி எண்ணினேன். நாற்பது. இன்னொரு தடவையும் எண்ணினேன். பிறகுதான் ஆட்டோ கூப்பிட்டோம். அது காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

துக்கத்துக்கு வந்தவர்கள், "விரதத்துல போனவரு, ஆத்தாவே அழைச்சுக்கிட்டா" என்றார்கள். அவள்மேல் பழி போடாதீர்கள் என்று கத்தினேன். "பாவம், புத்தி கலங்கிருச்சு" என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இப்போது அண்ணிக்கும் பிரஷர் மாத்திரை. வாரம் ஒருமுறை என் எதிரில் உட்கார்ந்து, "சித்த எண்ணிப் பாரேன்" என்று கையை நீட்டுகிறார். எண்ணுகிறேன், ஒரே ஒரு தடவை. "சரியாத்தான் எண்ணுனியா?" என்று கேட்டாலும் மறுபடி எண்ணுவதில்லை. அன்றைக்கும் முதல் தடவையே சரியாகத்தான் எண்ணியிருந்தேன்.