அக்காவை முந்திய இணுவில் பிள்ளை

அக்கா பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனையில் நல்ல புள்ளி எடுத்தபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மருத்துவபீடத்தில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இத்தனை இடம்தான் என்று கொழும்பில் வகுத்துவிடுவார்கள். அதனால் எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட, எத்தனை பேர் நம்மை முந்தினார்கள் என்பதே கேள்வி. எத்தனை புள்ளிவரை எடுப்பார்கள் என்கிற வெட்டுப்புள்ளி வர மாதக்கணக்காகும். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூஷன் நடக்கிற டியூட்டரி டியூட்டரியாகப் போய், முந்தியவர்களை எண்ணத் தொடங்கினார்.

தன் மருமகளுக்காக என்று எங்கும் சொல்லமாட்டார், கண்ணூறு பட்டுவிடுமாம். யாருடைய பெயரையும் கேட்கமாட்டார், கேட்டால் பதிலுக்கு இவர் யாரென்று விசாரிப்பார்களாம். வழியில் போகிறவர் போல நின்று ஊர்வம்போடு ஊர்வம்பாக விடுப்புக் கேட்டு வருவார். வாத்திமாரும் தங்களிடம் படிக்கிற பிள்ளையின் புள்ளியில் கொஞ்சம் கூட்டிச் சொல்லத் தயங்குகிறவர்கள் அல்லர்.

கடைசியில் மாமா அப்பாவிடம் தீர்ப்புச் சொன்னார்.

"எங்கடை பிள்ளை சரியாய் விளிம்பிலை நிக்கிறாள், அத்தான். இரசாயன வகுப்பிலை இணுவில் பிள்ளை ஒண்டு, பேய்க் கெட்டிக்காரியாம். பௌதிகத்திலை கொக்குவில் பிள்ளை ஒண்டு. உவளவை ரெண்டு பேராலையும் எங்கடையாள் எடுபடமாட்டாள்."

எனக்கு அப்போது ஆறு வயது. இணுவில் கந்தசுவாமி கோயிலில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அந்த இணுவில் பிள்ளைக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளையைக் கொடுத்து அனுப்பிவிடு முருகா என்று கேட்டேன். அடுத்த கிழமையே கனடா மாப்பிள்ளை ஒருவருக்குப் பேசி வந்தார்கள், எங்கள் அக்காவை! முருகன் வீடு மாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கம்பஸ் இல்லையென்றால் கலியாணம் என்று அப்பா முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக ஏற்பாடு. "வெட்டுப்புள்ளி வரட்டும் அப்பா, நான் டொக்டராத்தான் வருவன்" என்று அக்கா மன்றாடிப் பார்த்தாள். பிறகு ஒருவரோடும் கதைக்கவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சனிக்கிழமை இரசாயன வாத்தியார் எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்கடை இணுவில் பிள்ளையின்ரை வீடு இதுதானே? நோட்டீசிலை போட ஒரு படம் வேணும். பௌதிக வாத்தி இவளைத் தன்ரை கொக்குவில் பிள்ளையெண்டு சொல்லித் திரியிறான், விடேலாது!"

எங்கள் ஒழுங்கை கொக்குவிலும் இணுவிலும் முட்டுகிற இடத்தில் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த மாமா அதைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"மாமா," அக்கா வெளியே வந்து நிதானமாகக் கேட்டாள், "என்னை முந்தின ஆக்களிலை நான் எத்தினை பேர்?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே கனடாக்காரருக்கு மறுப்புப் போயிற்று. வெட்டுப்புள்ளி வந்தபோது அக்கா அதைத் தாண்டியிருந்தாள். மாமா ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்து, கண்ட கண்டவரிடமெல்லாம் மருமகளின் பெயரைச் சொன்னார். கண்ணூறு அவருக்கு நினைவில்லை. அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். எங்கள் வீட்டில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்கு மனம் கேட்கவில்லை. பாவம், அந்த இணுவில் பிள்ளைக்குக் கனடாவும் கிடைக்கவில்லை, கம்பஸும் கிடைக்கவில்லை. அடுத்த முறையாவது அவளைக் கம்பஸுக்கு எடுத்துவிடு முருகா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.