மஞ்சள் வடிந்த பிறகு

அந்த வாரம் எங்கள் வீட்டில் பேச்சு முழுதும் என் வழியாகத்தான் போய்வந்தது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், ஏணி ஏறிப் போகும் மாடியறை. ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவர் தலைமுடி அசையும். அத்தனை சின்ன இடத்தில் உம்மா அடுப்பருகே இருந்து, "ஒங்க வாப்பாட்ட சொல்லு, சோறு ஆறுது" என்பாள். நான் திரும்பி அதையே சொல்வேன். "கேட்டுச்சுன்னு சொல்லு" என்பார் வாப்பா.

உம்மாவின் தங்கைக்கு ஊரில் நிக்காஹ். வாப்பா வேலை பார்த்த தோல்பட்டறையில் பைகள் அனுப்பும் அவசரம், லீவு கிடையாது. என்னையும் கூட்டிக்கொண்டு உம்மா தனியாக ரயிலேற அவர் சம்மதிக்கவில்லை. ஒரே தங்கை. உம்மா அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

தோலை ஒட்டும் சொல்யூஷன் வாப்பாவின் கைகளைத் தின்றுகொண்டிருந்தது. தடிப்பு, அரிப்பு, விரலிடுக்கில் வெடிப்பு. வாசலில் பெயின்ட் டப்பாவில் உம்மாவின் சோற்றுக்கற்றாழை நின்றது. வெள்ளிக்கிழமைகளில் அதைத் தலையில் தேய்த்து, பிசுபிசுப்பு போகும்வரை அலசிக் குளிப்பாள். அவளிடம் கேட்க ரோசம் விடவில்லை வாப்பாவுக்கு. தாமே ஒரு மடலை ஒடித்து, பிளந்து, அப்படியே கையில் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோல் தீயாகச் சிவந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"மஞ்சப் பாலோடயா தேய்ப்பாங்க?" என்று உம்மா செடியைப் பார்த்துக் கேட்டாள். வாப்பா இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டார்.

சிவப்பு அடங்கியபின் அவளே ஒரு மடலை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் நிறுத்தினாள். மஞ்சள் நீர் சொட்டிச் சொட்டி இறங்கியது. முள்ளைச் சீவி, தோலை நீக்கி, கண்ணாடி போன்ற சதையை மறுபடி மறுபடி கழுவினாள். கோபத்தையும் சேர்த்துத்தான் கழுவுகிறாளோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது வழுக்கி விழும் அந்தத் துண்டைப் பிடிப்பதுதான் எனக்கு வேடிக்கை. துளி எடுத்துத் தன் முழங்கை மடிப்பில் தடவிக்கொண்டாள்.

"நாளைக்கு வரைக்கும் பாக்கணும். அரிக்கலைன்னா ஒங்க வாப்பாக்குப் போடலாம்."

"கை வாப்பாவோடதுல்லா? ஒங்க கைல தடவுனா எப்டி உம்மா தெரியும்?"

வாப்பா சிரித்துவிட்டார். "ஒம் மவ வக்கீலுக்குத்தான் படிப்பா" என்றார். என்னிடம் அல்ல.

உம்மா எழுந்து போய் அவர் கையை வெடுக்கென்று இழுத்தாள். "பெரிய மனுசன்! செடியக் கூட கேக்காம ஒடிச்சாச்சு." அவர் முழங்கை மடிப்பிலும் ஒரு துளி தடவினாள். "வெடிச்ச எடத்துல இத வைக்கக் கூடாது. அதுக்கு டாக்டர்ட்ட போங்க. இங்க அரிச்சா ஒடனே களுவிட்டு எங்கிட்ட சொல்லணும். மறைக்கப்படாது."

மறுநாள் சிவப்பில்லை, அரிப்பில்லை. தடிப்புகளின்மேல் மெல்லிசாகப் பூசினாள். வெடிப்பு வந்த இடங்களில் விரல் சுற்றிக்கொண்டு போனது, மழைநாளில் எங்கள் சந்தில் சேற்றுக் குழிகளை விலக்கி நடப்பதுபோல. கீழே யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே வாப்பா சொன்னார்:

"ஆர்டர் முடியட்டும். நானே கூட்டிட்டுப் போறேன். ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்."

நிக்காஹ் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆர்டர் முடிய இன்னும் பல வாரங்கள் ஆகும்.

உம்மாவின் விரல் நின்றது. பிறகு அடுத்த தடிப்புக்கு நகர்ந்தது. முன்பிருந்த அதே மென்மையோடு, ஒரு பொட்டும் குறையாமல்.

ஊருக்குப் போகிறோம் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. எல்லாம் சரியாகிவிட்டதென்று குதித்தேன். ரயிலில் ஜன்னலோரம் எனக்குத்தான் என்று உம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஒனக்குத்தான்" என்றாள், தலை நிமிராமல்.