கியூப்பை நான் பூட்டிய விதம்

என் மகள் கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். திருகித் திருகி நிறம் சேர்க்கும் கியூப்பைக் கணினியே தீர்ப்பதற்கு ஒரு புரோகிராம் எழுதுவதுதான் அவளுடைய இறுதித் திட்டம். ஆறு பக்கத்து நிறங்களையும் பதிந்தால், எந்தப் பக்கத்தை எப்படித் திருக வேண்டும் என்று கணினி வரிசையாகச் சொல்லும். அவள் அதைப் படிப்பாள், நான் திருகுவேன்.

"அப்பா கை ரோபோ மாதிரிலா" என்பாள். நான் அதிகம் பேசாதவன். அவளோடு அப்படி உட்கார்ந்திருப்பதே எனக்குப் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புரோகிராமில் எதையோ மாற்றிவிட்டு வெளியே போயிருந்தாள். நான் கியூப்பை எடுத்துத் தனியாகத் திருகிப் பார்த்தேன். வேகத்தில் ஒரு மூலைத் துண்டு கழன்றது. பின்னாலேயே நாலைந்து விழுந்தன. நான் பயப்படவில்லை. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இருபது வருடமாக பிளாஸ்டிக் பாகங்களைப் பூட்டுகிறேன். 'டக்' என்று உட்கார்ந்தால் சரி, அடுத்ததை எடுக்கலாம். இங்கேயும் எல்லாம் 'டக்' என்று உட்கார்ந்தன.

சாயங்காலம் அவள் வந்து நிறங்களைப் பதிந்ததும் கணினி, இதற்குத் தீர்வே இல்லை என்றது.

"நேத்து வரைக்கும் ஓகேதானே. காலையில மாத்துனேன்ல, அதுதான் கெடுத்திருச்சு."

"கியூப்புல ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"கியூப்புல என்னாப்பா இருக்கு? உங்களுக்கு வெளங்காதுலா."

ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் அதற்குமேல் என்ன சொல்வது? கழன்றதைச் சொல்லவும் கூச்சம். பத்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நன்றாக இருந்த புரோகிராமை வரிவரியாக அழித்து எழுதினாள்.

விரிவுரையாளர் முன் செய்து காட்டிய அன்று அது எந்தக் கியூப்பையும் தீர்க்கவில்லை. நடந்ததை இவள் சொன்னதும் அவர் இவளுடைய கியூப்பை வாங்கிப் பார்த்தாராம். யாரோ கழற்றித் தப்பாகப் பூட்டியிருக்கிறார்கள், இதை எவ்வளவு திருகினாலும் நிறம் சேராது, உன் பழைய புரோகிராம் சொன்னதுதான் சரி என்றாராம். ஆனாலும் அடுத்த செமஸ்டரில் மறுபடி செய்யச் சொல்லிவிட்டார்.

"கழட்டுனது நீங்களாப்பா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அவள் முடிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி செய்வதற்கான விண்ணப்பப் பாரத்தில் காரணம் எழுத இரண்டு வரி இடம் இருந்தது. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். 'என் கவனக்குறைவு' என்று மலாயில் எழுதினாள். அப்படி எழுதாதே என்று சொல்ல நேரம் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டு, பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.