ஹைஃபனுக்குப் பின்னால் இருந்த அத்தை

போன மாதம் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம். பாப்பிரெட்டிப்பட்டியில்தான் மண்டபம். தாலி கட்டியாகிவிட்டது, பந்தியும் ஆரம்பித்துவிட்டது... அப்பா மட்டும் சாப்பிட உட்காராமல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“ஏம்பா, சரோஜா இன்னும் வரலையே. சொன்னியா இல்லியா?”

“சொல்லிட்டேங்கப்பா.”

பொய் இல்லை. சொல்லிவிட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரோஜா அத்தை, அப்பாவின் சித்தப்பா மகள். பொம்மிடியில் இருக்கிறார். நான் காலேஜ் போன காலத்தில் ரயிலைத் தவறவிட்டால் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அடிக்கடி தவறவிடுவேன். அத்தை வைக்கும் கறிக்குழம்பு அப்படி.

அத்தையின் வீட்டுக்காரர் பச்சியப்பன் மாமா தவறிப்போய் இப்போதுதான் வருஷம் திரும்பியது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணவனை இழந்த பெண்ணை, வருஷம் திரும்பிய பிறகு வருகிற முதல் நல்ல காரியத்துக்குப் பிறந்த வீட்டார்தான் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் அவர்களாக வரமாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் பத்திரிகை வைக்கப் போன அன்று வீடு பூட்டியிருந்தது. அத்தை சேலத்தில் மகள் வீட்டில். மறுபடி போக நேரமில்லை. “விடுங்கப்பா, நான் சொல்லிக்கறேன்” என்று வாங்கிக்கொண்டேன்.

எப்படிச் சொன்னேன் தெரியுமா?

நமக்குத்தான் ப்ரோக்ராம் எழுதுவது தொழிலாயிற்றே! ஊரில் உட்கார்ந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அப்பாவின் போனில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவரவர் பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் அழைப்பு போகிற மாதிரி ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன்.

ஒரு சிக்கல். அப்பா பெயர்களைப் பதிந்திருக்கும் விதம். ‘மாது-போர்வெல்’, ‘மாது-மொரப்பூர்’, ‘மாது-டிராக்டர்’. எங்கள் பக்கம் மாது என்ற பெயர்க்காரர்களுக்குப் பஞ்சமில்லை; கோடு போட்டு அடையாளம் சேர்த்தால்தான் ஆள் தெரியும். அதற்காக ‘அன்புள்ள மாது-போர்வெல் அவர்களுக்கு’ என்று அனுப்ப முடியுமா?

இதற்கு ஒரே வரிதான் தேவை. அந்தக் கோடு, அதாவது ஹைஃபன், எங்கே என்று தேடு. அதற்கு முன்னால் இருப்பதை வைத்துக்கொள், பின்னால் இருப்பதை வெட்டிவிடு. நாலைந்து பெயர்களைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக வேலை செய்தது. தட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

கல்யாணம் முடிந்த மறு வாரம் பொம்மிடிக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன் — கூப்பிட்டும் வராமல் இருந்துவிட்டாரே என்று!

அத்தை காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்காங்களா கண்ணு?”

“நல்லா இருக்காங்க. நீங்க ஏன் அத்தை வரல? அப்பா சாப்பிடக்கூட உட்காரல.”

அத்தை போனை எடுத்து நீட்டினார். ‘அன்புள்ள பச்சியப்பன் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தது அழைப்பு.

“மாமனுக்கு வந்துச்சு கண்ணு. எனக்கு வரல. தாலியறுத்தவளக் கூப்பிட யோசன பண்ணிக்கிட்டு, பேருக்கு ஒண்ணு அனுப்பியிருக்காங்கன்னு இருந்துட்டேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு சேலைகூட எடுத்து வச்சிருந்தேன்.”

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த எண் மாமாவுடையது. அவர் போன பிறகு அத்தை வைத்திருக்கிறார். அப்பாவுக்கு மாமா பெயரை அழிக்க மனசு வரவில்லை. பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ‘பச்சியப்பன்-சரோஜா’ என்று வைத்துக்கொண்டார். என் ஒற்றை வரி இறந்தவரை வைத்துக்கொண்டு, இருப்பவரை வெட்டிவிட்டது.

ஸ்கிரீனில் எந்த எர்ரரும் வரவில்லை. எப்படி வரும்? சொன்னதைத்தானே அது செய்தது! கோட்டுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெறும் அடையாளம், வேண்டாத வால் என்று முடிவு கட்டியது நான். ஆபீஸிலும் இதையேதான் தினமும் செய்கிறேன். அங்கே வெட்டுப்படும் பக்கத்தில் யார் யார் இருந்தார்களோ...

அத்தைக்கு எப்படியாவது புரியவைத்துவிட வேண்டும் என்று பதறினேன். ஹைஃபன், ப்ரோக்ராம், அப்பாவின் போன் என்று எல்லாவற்றையும் விளக்கினேன்.

“அத்தை, சத்தியமா அதை நான் அனுப்பலீங்க. கம்ப்யூட்டரே பேரைப் போட்டு அனுப்பினது. அத்தனை பேருக்கும் அப்படித்தான் போச்சு.”

அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவர், அப்படியே நின்றார்.

“அப்ப நீ என்னக் கூப்பிடவே இல்லியா கண்ணு?”

ப்ரோக்ராமை அன்றைக்கே திருத்திவிட்டேன். தங்கைக்கு இன்னொரு தடவையா கல்யாணம் வைக்க முடியும்?