கடைசியாக வந்த சிரிப்பு

அக்காவுக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். சாப்பிடும்போது யாராவது வேடிக்கையாக ஒன்று சொன்னால் நாங்கள் சிரித்து முடித்து, கை கழுவி, அடுத்த பேச்சுக்குப் போயிருப்போம். அப்போதுதான் அக்கா சிரிப்பாள். குடம் நிரம்புகிற நேரத்தில் களகளவென்று ஒரு சத்தம் மேலேறி வருமே, அப்படி வரும் அந்தச் சிரிப்பு. வந்தால் லேசில் நிற்காது. அப்பாதான் அவளுக்கு டியூப்லைட் என்று பேர் வைத்தார். சொந்தப் பேர் பள்ளிக்கூடத்தோடு சரி.

அழுகையும் அப்படித்தான். அப்பா இறந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தபடி வளையவந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று ஒரு அத்தை என் காதுபடவே சொன்னாள். சில வாரங்கள் கழித்து, துவைக்க எடுத்த அப்பாவின் சட்டைப் பையில் ஒரு பழைய பஸ் டிக்கெட் கிடைத்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அத்தையைக் கையோடு இழுத்துவந்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கல்யாணப் பேச்சு வந்தபோது, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு நானும் அவளோடு வந்து ஒட்டிக்கொண்டேன். அவளுக்கும் சேர்த்து அவசரப்பட வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே.

அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். கடையின் பின்னறையில் ஒரு சின்னக் கல் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வட்டமாக வரும் லென்ஸை அதில் தேய்த்துத் தேய்த்து ஃப்ரேமில் உட்காரும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் பெயர்ந்துவிடும். அக்கா கையில் எதுவும் பெயர்ந்ததில்லை. தேய்த்ததைத் துடைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுவாள். மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனால் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவாள்.

"இதுக்குள்ள பாரேன். எல்லாரும் தண்ணிக்கு அடியில நடக்கற மாதிரி இல்ல?"

"சோறு ஆறுது. முதல்ல சாப்பிடு" என்பேன்.

ஆனால் நானும் பார்ப்பேன். யாரோ ஒருவர் நாளைக்குத் தெளிவாகப் பார்க்கப்போகிற தெரு, எங்கள் கண்ணுக்கு மட்டும் கரைந்து மிதக்கும். சைக்கிள்காரர் ஒருவர் அதில் வளைந்து நெளிந்து எங்கோ போவார். அக்கா வாழ்நாள் முழுக்க அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தச் சித்தப்பா இல்லை, எல்லோருக்கும் சித்தப்பா. கதாநாயகர்களுக்குப் பின்னால் எங்கேயாவது நின்றுகொண்டு, நம் கண்ணை மட்டும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் சிரிப்பு நடிகர். ஒரு நாடகத்தில் பழுப்புப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கி, "ரெண்டு நாள்ல கிளம்பிடுவேன்" என்பார். நாடகம் முடியும்வரை கிளம்பமாட்டார். அதற்குப் பிறகு அவர் எத்தனை வேஷம் போட்டாலும் ஜனங்களுக்கு அவர் சித்தப்பாதான்.

அந்த நாடகத்தை ஒலிப்பதிவு செய்த அன்று நாங்கள் இரண்டு பேரும் அரங்கில் இருந்தோம். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிது. நாடகத்தில் அண்ணன் மகள் மெல்ல விசாரிப்பாள்: "சித்தப்பா, அங்க உங்க வீட்டை யாரு பாத்துக்கறாங்க?"

சித்தப்பா பெருமூச்சு விட்டுச் சொல்வார்: "அங்க ஒரு விருந்தாளி இருக்காரும்மா. ரெண்டு நாள்ல கிளம்பிடுவேன்னு சொல்லிட்டு வந்தவர்."

அரங்கம் குலுங்கியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மட்டும் மேடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பெல்லாம் அடங்கி, அவர் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தார். அப்போது அக்காவின் குடம் நிரம்பியது. ஒற்றை ஆளாக, அத்தனை பெரிய அரங்கில், களகளவென்று. அவர் பாதிச் சொல்லில் நிறுத்தினார். கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டுக்குள் தேடிப் பார்த்தார்.

"வந்து சேர்ந்தாச்சா?" என்றார்.

கூரை பறந்துவிடும்போல ஒரு சிரிப்பு எழுந்தது. அக்கா என் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். இடைவேளை விட்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டாள்.

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்கடி. பதிவு பண்றாங்கன்னு தெரிஞ்சும் அவர் நாடகத்தைக் கெடுத்துட்டேன்."

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ரேடியோவில் வந்தது, கேசட்டாக வந்தது. "வந்து சேர்ந்தாச்சா?" என்பது ஊர்வாய்க்குள் புகுந்துகொண்டது. பஸ்ஸை ஓடிப் பிடித்தால் கண்டக்டர் கேட்பார். தபால் தாமதமாக வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். கண்ணாடிக் கடை முதலாளி, யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே, அக்காவிடமே குரலை மாற்றிக் கேட்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்னறைக்குள் போய்விடுவாள்.

அன்றிலிருந்து அவள் வெளியிடத்தில் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு வரும்போல இருந்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். நாளடைவில் வீட்டிலும் பொத்திக்கொண்டாள். எனக்குச் சித்தப்பாமேல் அப்படி ஒரு கோபம். டிவியில் அந்த ஆள் தலை தெரிந்தால் அணைத்துவிடுவேன். "அவர் என்னடி பண்ணுவார், பாவம்" என்பாள் அக்கா. ஆனால் அந்த நாடகத்தின் மீதிப் பாதியை அவளும் கேட்டதில்லை.

சித்தப்பா இறந்த செய்தி வந்தபோது நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கடையில் இருந்தேன். முதலாளி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பாவின் ரசிகர்கள் நாடகம் பதிவான அதே அரங்கில் கூடி, அந்த ஒலிப்பதிவை முழுதாகப் போட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். சக்கரம் சுற்றியது, தண்ணீர் சொட்டியது, அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, "நாளைக்குப் போலாமா?" என்றாள்.

"எதுக்கு? இன்னொரு தடவை அவமானப்படவா?"

"மன்னிப்புக் கேக்கணும்."

"செத்துப்போனவர்கிட்டயா?"

"உயிரோட இருந்தப்போ தைரியம் வரலைடி" என்றாள்.

எனக்கு வாய் நீளம்தான். ஆனால் மறுநாள் உடுத்த இரண்டு சேலைகளைத் தனியாக எடுத்து வைத்தேன்.

காலையில் தெரு முழுக்கப் பனி. அரங்கத்துக்குத் திரும்பும் முனையில் எனக்கு ஒரு கணம் தூக்கம் கலையவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி. பழுப்புப் பெட்டி, தகரப் பெட்டி, மூலை நசுங்கிய பெட்டி. குழந்தைகள்கூடப் பென்சில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தன. ஊரே கிளம்பி எங்கோ போவதுபோலவும் இருந்தது, எங்கிருந்தோ வந்து இறங்கியதுபோலவும் இருந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் வேலை முடிந்து நேராக வந்த ஒரு நர்ஸ் நின்றிருந்தாள்.

"சித்தப்பாவுக்காகப் பெட்டி எடுத்துட்டு வரலையா நீங்க? இந்தாங்க, என்கிட்ட ரெண்டு இருக்கு" என்று ஒன்றை அக்கா கையில் கொடுத்தாள். பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை. அக்கா அதன் லேசான கனத்தை வியந்து தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க வார்டுல வலியில தூங்காம இருக்கறவங்களுக்கு இந்த நாடகத்தைத்தான் போடுவேன்" என்றாள் நர்ஸ். "அவர் பேசறப்போ சிரிக்காதவங்ககூட அந்தப் பொண்ணு சிரிக்கற இடத்துல சிரிச்சிடுவாங்க."

"எந்தப் பொண்ணு?" என்றாள் அக்கா.

"கடைசியா சிரிக்குமே, அந்தப் பொண்ணுதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத்தான் எதுவும் உடனே உறைக்காதே.

பெட்டிகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம். மேடையில் ஒரு காலி நாற்காலி, அதன்மேல் அவருடைய பழுப்புப் பெட்டி. அன்று அண்ணன் மகளாக நடித்தவர் தலை நரைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அந்தச் சிரிப்பை வெட்டி எடுத்துடலாம்னு பதிவு பண்ணவங்க சொன்னாங்க" என்றார். "அதை வெட்டறதா இருந்தா என்னையும் சேத்து வெட்டிடுங்கன்னுட்டார் சித்தப்பா. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் ஒருத்தி யோசிச்சுச் சிரிச்சா பாரு, அதுதான்மா எனக்குக் கூலின்னார். ஆனா இடைவேளைக்கு அப்புறம் திரை விலகினதும் நாங்க பாத்தோம், சிரிப்பு வந்த இடத்துல ரெண்டு இருக்கை காலி. மனுஷன் வாடிப் போயிட்டார். ஐயோ, அந்தப் பொண்ணைப் பயமுறுத்திட்டேனான்னு என்கிட்ட கேட்டார். அதுக்கப்புறம் எந்த ஊர்ல நாடகம் போட்டாலும் அந்த இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்துவார். அதைப் பெரிய நடிப்புன்னு எழுதினாங்க. நடிப்பு இல்லைங்க. அவர் காத்துக்கிட்டு இருந்தார்."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷம் நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது. அந்த மனிதரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

விளக்குகள் அணைந்தன. இருட்டுக்குள் அவர் குரல் வந்தது. இறந்து ஒரு வாரம்கூட ஆகாதவர், பெட்டியைத் தொப்பென்று வைத்துவிட்டு, ரெண்டு நாள்ல கிளம்பிடுவேன் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உதட்டுக்குள்ளேயே கூடச் சேர்ந்து சொன்னார்கள். விருந்தாளி வசனம் வந்தது. அன்றைய அரங்கமும் இன்றைய அரங்கமும் ஒன்றாகச் சிரித்தன. பிறகு ஒரு விநோதம் நடந்தது. அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் நிறுத்திக்கொண்டார்கள். இருமல் இல்லை, நாற்காலி கிரீச்சிடவில்லை. ஒரு பெண் சிரிப்பதைக் கேட்க அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சிரித்தாள். சின்னப் பெண்ணாக இருந்த என் அக்கா, ஒலிபெருக்கிக்குள்ளிருந்து, களகளவென்று. கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது!

"வந்து சேர்ந்தாச்சா?" என்றார் சித்தப்பா. எல்லோரும் அவரோடு சேர்ந்து அதைச் சொன்னார்கள். சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள்.

பதிவு மேலே ஓடியது. அண்ணி வந்தாள், பால்காரர் வந்தார், வேறு காட்சியே வந்துவிட்டது. பக்கத்தில் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். கண்ணில் நீர் ஓடத்தான் செய்தது. ஆனால் கை வாயைப் பொத்தப் போகவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஏறி ஏறி, கடைசியில் நிரம்பி வழிந்துவிட்டது. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மற்றபடி அதே சிரிப்பு.

முன்வரிசைகள் திரும்பின. நர்ஸ் வாயில் கை வைத்துக்கொண்டாள். யாரோ பதிவை நிறுத்தினார்கள். யாரும் கைதட்டவில்லை. அவள் சிரித்து முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

பதிவு மறுபடி ஓடி முதல் பாதி முடிந்ததும், அன்றைக்குப்போலவே இடைவேளை விட்டார்கள். ஆட்கள் எங்களை நோக்கி நகர்ந்து வருவதைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம். பக்கவாட்டுக் கதவு அதே இடத்தில்தான் இருந்தது.

"வாக்கா, கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்" என்று எழுந்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உக்காருடி" என்றாள். "இன்னும் பாதி இருக்கு."